பின்னறைச் சாவி

போன வாரம் கதையை நிறுத்திவிட்டு நாம் எழுந்து வரும்போது சபூறாவின் சாப்பாட்டு மேசையில் ஒரு சாவி கிடந்தது. விடிந்த பிறகும் அது அங்கேயேதான் கிடக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. தேநீர்க் கோப்பைகளைக்கூட அதற்கு எட்டத்தில் வைத்துத்தான் குடித்தார்கள்.

அது மதிலுக்கு அப்பால் இருக்கும் பழைய வீட்டின் சாவி. சபூறாவின் சீதன வீடு. மகள் ஆகிலாவுக்குக் கல்யாணம் பேசியபோது, இந்தக் கரையோரத்து உம்மாமார் எல்லோரும் செய்வதைப் போல, பக்கத்து வளவில் புதுவீடு ஒன்றைக் கட்டி மகளின் பெயரில் எழுதிக் கொடுத்தாள். பிறகு தானும் மகளோடு வந்துவிட்டாள். பழைய வீட்டை வாடகைக்கு விட்டாள்.

அங்கே இரண்டு வருடமாகக் குடியிருப்பவள் சுஜித்தா. திருக்கோவில் பிள்ளை, ஆஸ்பத்திரியில் தாதி. கணவன் துசாந்துக்குத் திருகோணமலையில் வேலை, சனி ஞாயிறில்தான் வந்து போவான். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது.

சாவியைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். காரணம் எலி. சரியாகச் சொன்னால், எலியும் எலியைப் பற்றி முனாஸ் சொன்ன ஒரு வார்த்தையும்.

முனாஸ் ஆகிலாவின் கணவன். பழைய வீட்டின் கூரை ஒழுக்கு, குழாய் ஒழுக்கு எல்லாவற்றையும் மாமிக்காக அவன்தான் பார்க்கிறான். கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் எலிப்பொறி விற்கிறவன் வீட்டிலேயே எலி என்றால் பஸார் சும்மா இருக்குமா? பக்கத்துக் கடைக்காரர்கள் அவனைக் கண்டால் சலாத்துக்கு அடுத்ததாக எலியின் சுகத்தைத்தான் விசாரித்தார்கள்.

கூடு வைத்தான். ஒட்டும் அட்டை வைத்தான். சுட்ட தேங்காய்ச் சொட்டு, கருவாடு, ரொட்டித் துண்டு என்று மாற்றி மாற்றி விருந்து வைத்தான். எலிகள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேறெங்கோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உலாத்த வருகிறவர்களைப் போல நடந்துகொண்டன. நஞ்சு மட்டும் அவன் வைக்கவில்லை. கண்டதையெல்லாம் வாயில் போடும் தன் சின்னவள் அந்த வீட்டுக்கும் போய்வருகிறாள் என்ற பயம், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

கடைசியில் அந்தப் புத்தியும் ஒரு நிமிடம் விட்டுப் போனது. சுஜித்தாவின் அரிசி வாளிக்குப் பின்னால் எலி ஒன்று ஓடியதைக் கண்டவன், "சாப்பாட்டுச் சாமான ஒழுங்கா மூடி வெச்சா எலி ஏன் தங்கச்சி வருது?" என்று கேட்டுவிட்டான்.

ஒரு தாதியிடம் சுத்தத்தைப் பற்றி!

சுஜித்தா அன்று பின்னேரம் வந்து சாவியை மேசையில் வைத்தாள். உள்தாழ்ப்பாள் தனக்குப் போதும் என்றாள். மறுநாள் பின்னேரம் திருக்கோவிலிலிருந்து அவளுடைய சின்னம்மா ஒரு சின்னப் பட்டா லொறி அனுப்புவாளாம், சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவாளாம். அந்த மறுநாள்தான் இன்று.

சபூறாவுக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய வீட்டுக்கு வேறொரு குடித்தனம் கிடைக்காமல் போகாது. அவள் மனதைப் போட்டு அரித்தது அதுவல்ல. அந்தப் பெரிய வெள்ளத்தின்போது தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்ற வேளையில் ஆகிலாவுக்கு வலி கண்டது. ஆட்டோ வராது, அம்புலன்ஸ் வராது. சுற்றி வரப் பொறுமையில்லாமல் சுஜித்தா மதிலேறிக் குதித்து வந்தாள். அன்று அவள் கையில் பிறந்தவள்தான் இப்போது வீடெல்லாம் தத்தித் திரிகிற சின்னவள். அன்றிலிருந்து சபூறா தொழுது கேட்கும் ஒரு துஆவிலும் சுஜித்தாவின் பெயர் விடுபட்டதில்லை.

சுஜித்தாவுக்குத் தாய் இல்லை. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே, "ஒனக்குப் பிள்ள பொறக்கக்குள்ள ஒன்ட உம்மாட இடத்துல நான் நிப்பன்" என்று சபூறா வாக்குக் கொடுத்திருந்தாள். பத்தியச் சாப்பாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று திருக்கோவில் சின்னம்மாவிடம் போனில் கேட்டுக்கூட வைத்திருந்தாள். இன்று பின்னேரம் லொறி போனால் அந்த வாக்கும் அதிலேயே ஏறிப் போய்விடும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே சபூறா பழைய வீட்டுக்குப் போனாள்.

சுஜித்தா வராந்தாவில் உட்கார்ந்து சட்டி பானைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எழும்ப முயன்றவளைச் சபூறா தோளைப் பிடித்து இருத்தினாள். மருமகன் சொன்னது பிழை, அதற்காக வெட்கப்படுகிறேன் என்று சொல்லத்தான் வந்தாள். ஆனால் சுஜித்தாவின் கையிலிருந்து ஒரு சட்டியை வாங்கிச் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

"கோவத்துல போறன் எண்டு நெனைக்காதீங்க உம்மா. பயத்துலதான் போறன்" என்றாள் சுஜித்தா. "வார்டுல எலிக்காய்ச்சல்காரரப் பாத்திரிக்கன். இத வயித்துல வெச்சிக்கொண்டு எனக்குத் துணிச்சல் வரல்ல."

சபூறா எழுந்து குசினிக்குள் போனாள். அரிசி வாளிக்கு மூடி, மூடிக்கு மேலே கல். மாவுக்குப் போத்தல், சீனிக்குப் போத்தல். சிந்திய பருப்பு ஒன்றுகூட இல்லை. தன்னுடைய குசினியை நினைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் கூசிப்போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் இந்த எலிகள் என்னத்தைத் தின்று கொழுக்கின்றன?

குசினியைத் தாண்டினால், முற்றத்தைப் பார்த்தபடி பின்னறை. வாடகைக்கு விடும்போதே முனாஸ் அந்த ஓர் அறையை மட்டும் பூட்டித் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புச் சாமான்கள் உள்ளே இருப்பதாகச் சொல்லியிருந்தான். சாகாமத்தில் அவனுக்கு வயல் இருக்கிறது, பம்பும் இருக்கிறது, ஆகவே யாரும் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை.

பூட்டிய கதவின் அடியில், நிலையோரமாக, பொன்னிறத்தில் ஏதோ சிதறிக் கிடந்தது. சபூறா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் கூட்டுகிறேன், ஒவ்வொரு நாளும் கிடக்கிறது என்றாள் பின்னால் வந்த சுஜித்தா. கடைச் சாக்குகளிலிருந்து கொட்டுகிறதாக்கும் என்று நினைத்தாளாம்.

சபூறா நெல்வயல்கள் நிறைந்த போடியார் வீட்டில் பிறந்தவள். உமியைப் பார்த்தால் உமி என்று தெரியாதா? அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

இதிலுள்ள வில்லங்கம் வெளியூர் வாசகர்களுக்கு விளங்க வேண்டும். மருமகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மீனின் நடுத்துண்டு அவனுடைய பீங்கான் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. சபூறா அவனிடம் எதையும் நேராகக் கேட்டதில்லை. வேண்டியதை ஆகிலாவிடம் சொல்வாள், ஆகிலா அவனிடம் சொல்வாள். அப்படிப்பட்ட மாமி தனியாகக் கடைவாசலில் வந்து இறங்கினால், மருமகனுக்கு யாரும் இறந்த மௌத்துச் செய்தியோ என்றுதான் தோன்றும்.

முனாஸ் அப்போது யாரோ ஒருவருக்கு எலிக்கூடு விற்றுக்கொண்டிருந்தான். இதில் மாட்டாத எலி இன்னும் பிறக்கவில்லை என்று அவன் சொல்லி முடிப்பதற்கும் சபூறா படியேறுவதற்கும் சரியாக இருந்தது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சின்னவளுக்கு ஏதாவதா என்று பதறினான்.

"சின்னவள் சுகமாத்தான் இரிக்கா. எனக்குப் பின்னறைச் சாவி வேணும், மருமகன்."

"அது பம்புச் சாமான் மாமி. ஒங்கட கையெல்லாம் கிறீஸ் ஆகும்."

"பம்புல உமி கொட்டுமா?"

எலிக்கூடு வாங்க வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முனாஸ் கல்லாவைப் பூட்டினான், கதவை இழுத்துவிட்டான். ஆட்டோ முன்னால் போக, தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். வழியில் எத்தனையோ பேர் சலாம் சொன்னார்கள். ஒருவருக்காவது அவன் பதில் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

பழைய வீட்டில் ஆகிலா சின்னவளை இடுப்பில் வைத்தபடி முற்றத்துக்கு வந்துவிட்டாள். சுஜித்தாவைச் சபூறா முற்றத்துப் பலாமரத்தடியிலேயே நிற்கச் சொன்னாள். கிட்ட வரக்கூடாது என்று அவளுக்கே தெரியும்.

முனாஸ் கதவைத் திறந்தான்.

முதலில் வந்தது வாடை. பிறகு சுவரோரமாகச் சர சரவென்று ஓட்டம். குடும்பம் குட்டிகளோடு குடியேறியிருந்தார்கள். பம்பும் இல்லை, கிறீஸும் இல்லை. சுவரோடு அடுக்கிய நெல் மூட்டைகள்தான் இருந்தன. அடிவரிசை முழுவதும் அரித்துக் கிழிந்து, நெல்லும் உமியும் கலந்து நிலத்தில் கொட்டிக் கிடந்தன.

சபூறா திகைத்துப்போனாள். சுஜித்தா தூரத்திலிருந்து என்ன என்ன என்று கேட்டாள். ஆகிலா மட்டும் அவ்வளவாக ஆச்சரியப்பட்டவளாகத் தெரியவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முனாஸ் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஸகாத் நெல்லு மாமி" என்றான். "சிறுபோகத்துல வந்தது."

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். அறுவடை முடிந்ததும் ஏழைகளுக்குரிய பங்கை ஒரு நெல்மணி குறையாமல் பிரித்தெடுத்துவிட்டான். அதை அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் நோன்பு மாதத்தில் கொடுத்தால் நன்மை பலமடங்கு என்று ஓர் எண்ணம் வந்தது. ஒருவருக்கும் தெரியாமல் கொடுத்தால் அதிலும் நன்மை என்று இன்னோர் எண்ணம் வந்தது. விடியப்புறச் சஹர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு கஷ்டப்பட்ட வீட்டு வாசலிலும் ஒரு மூட்டையை வைத்துவிட்டு, யார் வைத்தது என்று தெரியாமல் வந்துவிட வேண்டும். அவனுடைய நிய்யத் அதுதான். சொந்த வீட்டில் வைத்தால் மனைவி கேட்பாள், மாமி கேட்பா. அதனால் இங்கே கொண்டுவந்து பூட்டினான். அது ஏழைகளின் ஹக்கு, அவர்களுடைய உரிமை, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், ஆகவே திறந்து பார்க்கவும் பயந்தான்.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எலிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பாருங்கள், கெட்ட எண்ணம் இதில் எங்கேயாவது இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. அவன் ஆசைப்பட்டதெல்லாம் நன்மைக்குத்தான், கொஞ்சம் கூடுதலாக ஆசைப்பட்டுவிட்டான், அவ்வளவுதான்.

ஆகிலா மெதுவாகத்தான் சொன்னாள். அறுவடையின் பங்கை அறுவடை நாளிலேயே கொடுக்கச் சொல்லித்தானே இருக்கிறது, மதறசாவில் சின்னப்பிள்ளைகளுக்கே அதைச் சொல்லிக் கொடுக்கிறார்களே என்றாள். முனாஸ் தலையை ஆட்டினான். அவனுக்கும் அது தெரியாததல்ல.

இந்த நேரத்தில்தான் கேற்றைத் திறந்துகொண்டு ஸம்றா வந்தாள்.

ஸம்றா இரண்டு வீடு தள்ளி இருப்பவள். புருஷன் மௌத்தானதிலிருந்து இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளையும் பார்க்கிறாள். சுஜித்தா போகிறாள் என்று யாரோ சொல்ல, வழிக்குச் சாப்பிட இடியப்பமும் சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். முற்றத்தில் எல்லோரும் நிற்பதையோ, பின்னறை திறந்து கிடப்பதையோ அவள் பார்க்கவில்லை. நேராகச் சுஜித்தாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொயித்தா மறுகா என்ட கூடைய ஆரு புள்ள நெறைச்சுத் தருவா?"

சுஜித்தா அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். ஸம்றாவா விடுவாள்? சபூறாவைக் கண்டதும் அவளிடமே சொல்லத் தொடங்கினாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் சுஜித்தா இடியப்பம் வாங்குவாளாம். கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெறுங்கூடை கொடுக்கக் கூடாது, எங்கட பக்கத்தில் அப்படி வழக்கமில்லை என்று சொல்லி, அதற்குள் அரிசி போட்டு மேலே துணியை மூடிக் கொடுப்பாளாம். சில நாள் பருப்பும் இருக்குமாம். மழை தொடங்கி வியாபாரம் படுத்துப்போன மாதங்களில் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டது அந்த அரிசியைத்தானாம். தெருவில் ஒருவருக்கும் அது தெரியாதாம்.

முனாஸ் படியிலிருந்து எழுந்தான்.

ஸம்றாவின் வாசல்தான் அவன் மனதுக்குள் எழுதி வைத்திருந்த முதல் வாசல். சிறுபோகத்திலிருந்து அவளுடைய நெல் இங்கே கிடந்தது. இரண்டு வீடு தள்ளி அவளுடைய பிள்ளைகள் வேறொருத்தியின் அரிசியைத் தின்று வளர்ந்திருக்கிறார்கள். அந்த வேறொருத்தியிடம்தான் அவன் அரிசி வாளியை மூடி வைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறான்.

அவன் ஸம்றாவிடம் போனான்.

"தங்கச்சி, உள்ளுக்கு இரிக்கிற நெல்லுல ஒங்கட பங்கும் இரிக்கி. நான் தாறதெண்டு நெனைக்காதீங்க. இது முந்தியே ஒங்கடது. வெச்சிக்கொண்டிருந்தது என்ட பிழை. மன்னிச்சிக்கோங்க."

ஸம்றாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னறையைப் பார்த்தாள், சுஜித்தாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அல்லாஹ் எங்கள ஒரு நாளும் பட்டினி போடல்ல காக்கா" என்றாள், அண்ணனிடம் சொல்வதுபோல. "ஒங்கட கை வரச் சுணங்கினதால இந்தப் புள்ளட கையால தந்தான். அல்ஹம்துலில்லாஹ்."

சபூறா பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அல்ல. இப்படி ஒருத்தியைத் தன் வீட்டில் குடிவைத்த அல்லாஹ்வுக்கு எத்தனை தடவை நன்றி சொல்லிச் சுக்ர் செய்தாலும் போதாது என்று அழுதாள். சுஜித்தாவுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் நல்ல இடியப்பம் சாப்பிட்டேன், அவ்வளவுதான் உம்மா என்று முணுமுணுத்தாள்.

பின்னேரம், அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பட்டா லொறி வந்து கேற்றடியில் ஹோன் அடித்தது.

சாரதி திருக்கோவில்காரர், நடுவயது, அவசரக்காரர். வீட்டுச் சாமான் எங்கே என்று கேட்டபடி இறங்கினார். எல்லோரும் சுஜித்தாவைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

முனாஸ்தான் முன்னுக்குப் போனான். தங்கச்சி போவதும் இருப்பதும் அவள் விருப்பம், நான் தடுக்க மாட்டேன் என்றான். ஆனால் அவளுடைய சாமானை ஏற்ற முன்னர் இந்த லொறியைத் தனக்கு ஒரு மணித்தியாலம் தர முடியுமா என்று கேட்டான்.

சுஜித்தாவுக்கு ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"வெறுங்கையால ஒருத்தரும் தொடப்படாது. கையுறை போடுங்க, முகத்த மூடுங்க. எலி பட்ட மூட்ட ஒண்டும் ஒரு வீட்டுக்கும் போகப்படாது நானா. குத்திச் சாப்பிட்டாலும் வேணாம், கோழிக்கும் வேணாம்."

அவளுக்கு நானா, அண்ணன் முறையான முனாஸ் தலையாட்டினான். எலி தொட்ட மூட்டைகளைப் பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தான். அவற்றுக்குப் பதிலாகத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லை இழுத்து வந்தான். ஆகிலா ஒரு வார்த்தை சொல்லாமல் சாக்குவாயைப் பிடித்துக் கொடுத்தாள். இந்த வருடம் அவர்கள் கடையில் அரிசி வாங்கித்தான் சாப்பிடப் போகிறார்கள்.

அவசரக்காரச் சாரதியும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டை தூக்கினார். விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கூலி பேசவே இல்லை. முதல் மூட்டை ஸம்றாவின் வாசலில் இறங்கியது. நோன்பு இல்லை, சஹர் இல்லை, இருட்டு இல்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்க, முனாஸின் தோளில் ஏறித்தான் அது இறங்கியது. தெருவிலிருந்த பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அவனுக்கு அது காதில் விழும்போதெல்லாம் முகம் சுருங்கியது.

ஒரே ஒரு கணக்கு மட்டும் இடறியது. எலி தின்ற மூட்டை, நல்ல மூட்டை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும் ஒரு மூட்டை குறைந்தது. எலி நெல்லைத் தின்னும், சாக்கையும் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போகுமா? முனாஸ் நெற்றியைச் சுருக்கினான். வேலை நெருக்கியதால் அப்படியே விட்டுவிட்டான்.

லொறி சுற்றிவிட்டுத் திரும்பும்போது அவன் கடைக்கும் போய் வந்தான். கம்பிவலை, சீமெந்து, குளோரின் எல்லாம் கொண்டுவந்தான். சுஜித்தா சொன்னபடி தரையைக் கூட்டாமல், குளோரின் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவினான். கதவடி இடைவெளிக்குத் தகடு அடித்தான். தண்ணீர் ஓடும் கானுக்கு வலை போட்டான், கூரையோரத்து ஓட்டைகளுக்குச் சீமெந்து பூசினான். இவ்வளவையும் முதல் எலியைக் கண்ட அன்றே செய்திருக்கலாம். ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிற வைத்தியம் சொந்த வீட்டுக்கு வர இவ்வளவு சுணக்கம். சரி, வந்ததே.

சீமெந்துக் கையோடு அவன் பலாமரத்தடிக்கு வந்து நின்றான்.

"குசினியப் பத்திக் கதைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கன் தங்கச்சி. எலியக் கொண்டாந்து வெச்சவன் நான். பழி ஒங்கட தலையில போட்டன்."

சுஜித்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. இனி அடுத்தவன் குசினியைப் பற்றிக் கதைக்க முன்னர் நானா ஆகிலாட குசினிய ஒருக்கா எட்டிப் பாக்க வேணும் என்றாள். ஆகிலாவே சிரித்துவிட்டாள்.

ஆனால் இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சாரதிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, லொறிப் பக்கம் போய் அவரிடம் என்னவோ தணிந்த குரலில் பேசினாள். சபூறா கேட்கப் போகவில்லை. கேட்டால் அழுது தொலைத்துவிடுவோம் என்று பயந்து புதுவீட்டுக்குள் போய், சும்மா கிடந்த சட்டியை மீண்டும் ஒரு தடவை கழுவினாள்.

மஃரிப் தொழுகை முடிந்து சபூறா முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. சுஜித்தா. ஒரு தலையணையும் ஒரு சின்னப் பையும் கையில் இருந்தன.

"சீமெந்து காயும் வரைக்கும் இங்க படுக்கட்டா உம்மா?"

லொறி எங்கே என்று சபூறா கேட்டாள். வெறுமனேதான் திரும்பிப் போனதாம். சின்னம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியாகிவிட்டதாம். அவ கொஞ்சம் ஏசினாவாம், பிறகு சபூறாவைப் பத்தியத்துக்குச் சுறாப் புட்டு செய்யச் சொன்னாவாம்.

சபூறா மேசைக்குப் போய், நேற்றுப் பின்னேரத்திலிருந்து யாரும் தொடாத அந்தச் சாவியை எடுத்தாள். சுஜித்தாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். யா அல்லாஹ் என்றாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சபூறா வழக்கப்படி மீனின் நடுத்துண்டை மருமகனின் பீங்கானில் வைத்தாள். மடியில் சின்னவளை வைத்துக்கொண்டிருந்த முனாஸ் அதை எடுத்துச் சுஜித்தாவின் பீங்கானுக்கு மாற்றினான். சுஜித்தா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நானா, எனக்கு மத்தச் சாவியும் வேணும்."

"எந்தச் சாவி?"

"பின்னறைச் சாவி. நான் இரிக்கிற வீட்டுல எனக்குத் தெரியாத அறை ஒண்டு இனி இரிக்கப்படாது. அந்த அறைக்குத்தான் விடியக்காத்தால வெயில் விழுது. பிள்ளைய அங்கதான் படுக்க வைக்கப் போறன்."

முனாஸ் இடது கையால் சாவிக்கொத்தை எடுத்தான். வளையத்தைக் கழற்ற அவனுக்கு நேரமெடுத்தது. வயிறு முட்ட நெல் தின்ற எலிகளின் வாடை அடித்த அந்த அறையில் ஒரு குழந்தை படுக்கப் போகிறது, அதுவும் தன்னை மன்னித்த ஒருத்தியின் குழந்தை. அவன் சாவியை நீட்டினான். அல்ஹம்துலில்லாஹ் என்றான், இன்று முழுவதும் அவன் சொன்னவற்றில் மனம் நிறைந்து சொன்னது அதுதான்.

சுஜித்தா இரண்டு சாவிகளையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"உம்மா, நான் குடிவந்த அண்டைக்குப் பின்னறைக்கு ரெண்டு சாவி இருந்ததுதானே? நீங்கதான் காட்டினீங்க. மத்தது எங்க?"

காலையில் நினைவுக்கு வராத அந்தச் சாவி அப்போதுதான் ஞாபகம் வர, அது குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்றாள் சபூறா. பழைய வீட்டிலிருந்து வரும்போது தானே கொண்டுவந்து மாட்டியதாகச் சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ஆணி இருந்தது, சாவி இல்லை.

முனாஸுக்குக் குறைந்த மூட்டை ஞாபகம் வந்தது. வாயருகே போன கை நின்றது.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஆகிலா அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். சின்னவள் அழுகிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளறைக்குள் போனாள்.

சின்னவள் முனாஸின் மடியில் இருந்து மீன் தின்றுகொண்டிருந்தாள்.